முதலில் எது சாகும்?

அலுவலகத்தில் என் மேசை டிராயரில் ஐந்து டப்பாக்கள் கிடக்கின்றன. வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு. கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். கையில் எடுத்தால் சும்மா திறந்து திறந்து மூடத் தோன்றும். ஐந்தும் ஒயர்லெஸ் இயர்பட்ஸ். இரண்டு என்னுடையவை. மற்ற மூன்றும் "உனக்குத்தான் இதெல்லாம் நோண்டத் தெரியுமே, என்னன்னு பாரு" என்று டீமில் உள்ளவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. ஐந்திலும் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, மைக் நன்றாக இருக்கிறது, புளூடூத் சிப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் ஐந்தும் பிணங்கள்தான். பேட்டரி போய்விட்டது.

இதில் மிகவும் வயதானது மூன்று வருடம் வாழ்ந்தது. மிகவும் இளையது பதினாறு மாதம்.

வருடத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் "டேய், நல்ல ஹெட்போன் ஒண்ணு சொல்லேன்" என்று கேட்பார்கள். இன்ஜினியரிங் படித்தவன், பாட்டுப் பைத்தியம் என்பதால் வரும் வினை. முன்பெல்லாம் உற்சாகமாகப் பாடம் எடுப்பேன். பேஸ் எப்படி, குரல் எவ்வளவு முன்னால் வருகிறது, இளையராஜாவின் பேஸ் கிடார் எதில் தனியாகக் கேட்கும் என்று அரை மணி நேரம் போகும். இப்போது கேட்பவரிடம் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். நீ வாங்கப்போவதில் முதலில் எது சாகும்?

"அபசகுனமா பேசாதடா" என்பார்கள். வாங்கும்போதே சாவைப் பற்றிப் பேசுவது நமக்குப் பிடிக்காது, சரிதான். ஆனால் தினமும் நான்கு மணி நேரம் காதில் இருக்கப்போகும் ஒரு பொருளைப் பற்றி இதைவிட உருப்படியான கேள்வி எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பொருளிலும் ஏதோ ஒரு பாகம் முதலில் போகும். அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா, மாற்ற ஆள் இருக்கிறாரா, பாகம் கடையில் கிடைக்குமா என்பதுதான் பாக்கி விஷயம். ஒலித் தரமெல்லாம் அதற்கு அப்புறம்.

ரிவ்யூக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. அவர்களால் தொடவும் முடியாது. பெட்டி வந்த அன்றைக்கு வீடியோ, இரண்டு வாரம் கழித்து 'முழுமையான அனுபவம்', அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிடும். மூன்றாவது வருடத்தில் இந்தப் பொருள் என்ன ஆனது என்று வீடியோ போட்டால் யார் பார்ப்பார்கள்? அந்த மாடலே அப்போது விற்பனையில் இருக்காது.

*

இயர்பட்ஸின் சாவை மட்டும் கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அது விபத்து இல்லை.

ஒவ்வொரு காதுத் துண்டிலும் ஒரு லித்தியம்-அயான் செல் இருக்கிறது. கொள்ளளவு சில பத்து மில்லியாம்பியர்-அவர். உங்கள் போன் பேட்டரி ஐயாயிரத்தைத் தொடும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் செல்லுக்கு ஆயுள் இத்தனை வருடம் என்று கிடையாது, இத்தனை தடவை என்று வேண்டுமானால் சொல்லலாம். தோராயமாக 300 முதல் 500 முழு சார்ஜ் வரை தாங்கும், பிறகு கொள்ளளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைய ஆரம்பிக்கும். போனில் ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றால், தினமும் ஐந்து மணி நேரம் காதில் வைத்திருப்பவரின் இயர்பட்ஸிலும் அதே ஒரு சுற்று. ஆனால் போன் பேட்டரி பாதியாகக் குறைந்தாலும் ஓட்டிவிடலாம். ஐந்து மணி நேரம் ஓடிய இயர்பட்ஸ் இரண்டு மணி நேரம் ஆகும்போது ஒரு மீட்டிங் முடியும் முன்னே 'பேட்டரி லோ' என்று காதுக்குள் ஒரு அம்மணி சொல்வார்.

சுற்று மட்டும் கணக்கில்லை. லித்தியம் செல் சும்மா இருந்தாலும் கிழடாகும். முழு சார்ஜில் வைத்திருந்தால் வேகமாக, சூடான இடத்தில் வைத்திருந்தால் இன்னும் வேகமாக. இப்போது அந்தக் கூழாங்கல் டப்பாவை யோசித்துப் பாருங்கள். அதன் வேலையே உள்ளே போட்ட துண்டை எப்போதும் நூறு சதவீதத்தில் நிறுத்தி வைப்பதுதான். அதை நாம் பேன்ட் பாக்கெட்டில், மே மாதச் சென்னையில், வண்டியின் டேங்க் கவரில் வைத்துக்கொண்டு சுற்றுகிறோம். இரண்டு காதும் ஒரே வேகத்தில் சாவதும் இல்லை. போன் பேச ஒரு காதை மட்டும் போடும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் முதலில் போகும். என் டிராயரில் உள்ள ஐந்தில் மூன்று அப்படி ஒற்றைக் காதில் செத்தவை.

சரி, செல் போனால் செல்லை மாற்றலாமே? கைக்கடிகாரத்துக்கு மாற்றுகிறோமே? அங்கேதான் வருகிறது விஷயம். மூடியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். திறந்தால் உடையும், உடையாமல் திறந்தாலும் செல்லைச் சிறு ஒயரோடு பற்றவைத்திருப்பார்கள். பொருட்களைப் பிரித்துப் பார்த்துப் பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அமைப்பு, ஏர்பாட்ஸுக்குக் கொடுத்தது பத்துக்குப் பூஜ்ஜியம். வேறு வழியே இல்லை, இவ்வளவு சின்னப் பொருளை இப்படித்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாம்சங்கின் முதல் கேலக்ஸி பட்ஸில் காசு வடிவ செல் இருந்தது, நெம்பி எடுத்து மாற்றலாம். ஃபேர்ஃபோன் என்ற டச்சு நிறுவனம் 2024-இல் விற்க ஆரம்பித்த ஃபேர்பட்ஸில் பயனரே செல்லை மாற்றிக்கொள்ளலாம். முடியும், செய்தும் காட்டிவிட்டார்கள். மற்றவர்கள் செய்யாதது ஒரு தேர்வு. நான் பொறியாளன், இந்தத் தேர்வை எந்த மீட்டிங்கில், எந்தச் சொற்களில் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஃபேர்ஃபோனைப் புகழ்ந்துவிட்டேன், ஒரு குத்தும் வைத்துவிட வேண்டும். நெறிமுறை, நீடித்த உழைப்பு என்று பேசியே பேர் வாங்கிய அந்த நிறுவனம்தான் 2021-இல் வந்த தன் நான்காவது போனில் ஹெட்போன் ஜாக்கை எடுத்தது. கூடவே அப்போது தன் பெயரில் ஒயர்லெஸ் இயர்பட்ஸும் விற்றது. சாமியாரும் அந்தக் கடையில்தான் டீ குடித்தார்.

*

ஜாக்கின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கால் அங்குலப் பிளக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பிறந்தது. அதன் குட்டியான 3.5 மி.மீ. பிளக் டிரான்சிஸ்டர் ரேடியோவோடு பரவி, 1979-இல் சோனி வாக்மேன் வந்தபின் உலகமெல்லாம் போனது. யாருக்கும் சொந்தமில்லாத பொருள். எந்த நாட்டு ஹெட்போனையும் எந்த நாட்டு ரேடியோவிலும் சொருகலாம், அனுமதி கேட்க வேண்டாம், 'பேரிங்' செய்ய வேண்டாம். 2016 செப்டம்பரில் ஐபோன் 7-இல் ஆப்பிள் அதை நீக்கியது. மேடையில் பில் ஷில்லர் அதற்குச் சொன்ன காரணம் 'துணிச்சல்'. அதே மேடையில், அதே நாளில், ஏர்பாட்ஸ் அறிமுகம். இலவசமாகத் தண்ணீர் வந்த குழாயை அடைத்துவிட்டு, பக்கத்திலேயே கேன் வாட்டர் கடை போட்டால் நம்மூரில் அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

அப்போது கேலி செய்த கம்பெனிகள் எல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் வரிசையாகத் தாங்களும் எடுத்தன. நாமும் இரண்டு நாள் மீம் போட்டோம், மூன்றாம் நாள் வாங்கினோம். மானுட யுகத்தின் அழிவு பற்றி எழுதும் நண்பர் ஒருவர் ஒவ்வொரு தீபாவளி ஆஃபருக்கும் புது இயர்பட்ஸ் மாற்றுகிறார். கேட்டால் "இதெல்லாம் கட்டமைப்பு சார்ந்த பிரச்சினை, தனிமனிதத் தேர்வு இல்லை" என்கிறார். கட்டமைப்பு உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து இ.எம்.ஐ. போடுவதில்லை, தோழர்.

சரி, நான் மட்டும் என்ன யோக்கியம்?

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு வெளிநாட்டு ஹெட்போன் கம்பெனிக்கு மொபைல் ஆப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்களது ஒயர்லெஸ் ஹெட்போனை அந்த ஆப் வழியாகத்தான் மாற்றியமைக்க முடியும். இரைச்சல் நீக்கம் எவ்வளவு, ஒலிச் சமன் எப்படி, 'கனெக்டட்' என்று எந்த மொழியில் சொல்ல வேண்டும், எல்லாமே ஆப்பில். ஹெட்போனில் இரண்டே பட்டன். ஒரு நாள் அந்த வரிசையை நிறுத்துவதென்று முடிவாயிற்று. பழைய ஆப்பைக் கடையிலிருந்து எடுக்க வேண்டும், சர்வரை அணைக்க வேண்டும். அந்த டிக்கெட் என் பெயருக்கு வந்தது. பயனர்களுக்குப் போகும் அறிவிப்பின் முதல் வடிவத்தை எழுதியதும் நான்தான். 'உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி' என்று ஆரம்பித்தேன். கதை கட்டுரை எழுதுகிறவன் என்பதால் இந்த மாதிரி வேலை எல்லாம் என் தலையில்தான் விழும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் சுற்றிச் சுற்றி எங்கள் டீமுக்கு வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஹெட்போன் ஏதோ மக்கர் செய்ததால் பேரன் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்துவிட்டான். அதிலிருந்து அது அவருக்குத் தெரியாத ஒரு மொழியில் பேசுகிறது. மாற்ற ஆப் வேண்டும், ஆப் இல்லை. ஹெட்போன் பழுதாகவில்லை, பாட்டு கேட்கிறது, பேட்டரிகூட பரவாயில்லை. 'இந்த ஆளைப் பேசாமல் இருக்கச் சொல்லவாவது முடியுமா?' என்று கேட்டிருந்தார். முடியாது. நாங்கள் அந்தக் கோடை மூடிவிட்டோம். டிக்கெட்டில் 'வோண்ட் ஃபிக்ஸ்' என்று குறித்தது என் விரல்தான்.

அந்த அம்மா காசு கொடுத்து வாங்கியது என்ன? ஒரு ஹெட்போன் என்று அவர் நினைத்தார். எங்கள் கணக்கில் அது ஒரு வாடகை வீடு. சாவி எங்களிடம் இருந்தது, காலி செய்யச் சொல்ல நோட்டீஸ்கூட தேவையில்லை, லைட்டை அணைத்தால் போதும்.

*

ஒயர் ஹெட்போன் மட்டும் சாகாதா? நன்றாகச் சாகும். எப்படிச் சாகும் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் போவது ஒயர், அதிலும் ஜாக்கின் கழுத்து. போனைப் பாக்கெட்டில் போட்டு உட்கார்ந்து எழுந்து மடங்கி மடங்கி அங்கே அறும். ஒரு காது வரும், போகும், ஒயரை ஒரு மாதிரி முறுக்கிப் பிடித்தால் மறுபடி வரும். நம் தலைமுறையில் எல்லோரும் செய்த யோகாசனம் அது. ரிச்சி தெருவை ஒட்டிய மீரான் சாகிப் தெருவில், மாடிப்படி ஏறினால் ஒரு மேசை அளவே உள்ள கடை. அங்கே இருக்கும் பாயிடம் பன்னிரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பழைய ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டு புதுசு போடுவார். பார்க்க ஐந்து நிமிட வேலை, ஆனால் வீட்டில் செய்து பார்த்தால் வராது. இயர்போன் ஒயருக்குள் இருப்பது வெறும் செம்பு இல்லை. முடி மாதிரி இழைகள், ஒவ்வொரு இழைக்கும் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, உறுதிக்கு நடுவே நூல். சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் அழகான நிறம் அந்தப் பூச்சுதான். அதை எரித்து எடுக்காமல் சால்டர் வைத்தால் ஈயம் ஒட்டாது. ஒட்டின மாதிரி உருண்டையாக உட்காரும், இழுத்தால் வந்துவிடும். பாய் சால்டரிங் ராட் நுனியில் ஒரு பெரிய ஈயத் துளியை எடுத்து, இழையை அதற்குள் சில நொடி முக்கி எடுப்பார். லேசாகப் புகை வரும். வெள்ளி நிறம் ஏறியிருக்கும். அவ்வளவுதான், இனி ஒட்டும்.

ஒரு முறை டிராயர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேடைத் தையலில் வைத்தார், எடுத்தார். "தம்பி, ஒயர் அறுந்ததைக் கொண்டு வந்தா நான் டாக்டர். இதைக் கொண்டு வந்தா நான் போஸ்ட்மார்ட்டம் பண்றவன். உங்களுக்கு எது வேணும்?" என்றார்.

அடுத்து சாவது காது மெத்தை. மெத்தென்ற கறுப்புத் தோல் மாதிரி இருக்கும், தோல் கிடையாது, பாலியூரிதேன் பூச்சு. ஈரப்பதம் அதன் எதிரி. காற்றில் உள்ள நீரும் நம் வியர்வையும் சேர்ந்து அந்த பாலிமரின் பிணைப்புகளை உடைக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் நீங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் மூன்று நான்கு வருடத்தில் செதில் செதிலாக உரியும், காதோரம் கறுப்புப் பொடியாக ஒட்டும். பலர் அப்போது ஹெட்போனே போய்விட்டது என்று குப்பையில் போடுகிறார்கள். மெத்தை தனியாக விற்கும், இழுத்துக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். வெல்வெட் மாதிரித் துணி மெத்தை கிடைத்தால் அதையே வாங்குங்கள், வியர்வைக்கு அது தேவலை. மூன்றாவதாகப் போவது தலைப்பட்டியின் மடக்கு. பிளாஸ்டிக் கீல் விரிசல் விடும். இதுதான் மோசமான சாவு, இதற்குத்தான் பாகம் கிடைக்கிறதா என்று வாங்கும்முன் பார்க்க வேண்டும்.

நிஜமாக ஒலியை உண்டாக்கும் டிரைவர், அதாவது காந்தமும் சுருளும் மெல்லிய தாளும், கிட்டத்தட்ட சாவதே இல்லை. தண்ணீரில் போடாமல், அளவுக்கு மீறி அலறவிடாமல் இருந்தால் உங்களுக்குப் பின்னும் இருக்கும். ஒரு ஹெட்போனில் விலை உயர்ந்த, கஷ்டப்பட்டு வடிவமைத்த பாகம் இது. சாகாத இந்தப் பாகத்தை ஒரு வருடமோ இரண்டு வருடமோ மட்டுமே வாழும் செல்லோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டுவதுதான் இன்றைய பொறியியல்.

ஒட்டாமல் செய்ததற்கும் உதாரணம் நிறைய. சோனி எம்.டி.ஆர்-7506 வந்தது 1991-இல். ஸ்டுடியோக்களுக்காகச் செய்தது, நீலப் பட்டையும் சுருள் ஒயரும் அடையாளம். இன்றும் அதே மாடல் புதிதாக விற்கிறது. ஒயரைக் கழற்ற முடியாது, மெத்தை உரியும், ஆனால் ஸ்க்ரூ கழற்றினால் உள்ளே எல்லாம் தெரியும். சென்ஹைசர் ஹெச்.டி.25, 1988. டி.ஜே.க்களின் கழுத்தில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கழலும், தனித்தனியாக விற்கும். அதே கம்பெனியின் ஹெச்.டி.600, 1997. மெத்தை, தலைப்பட்டி, ஒயர், டிரைவர்கூட மாற்றலாம். பேயர்டைனமிக் டி.டி.770 ஜெர்மனியில் செய்வது, துணி மெத்தையோடே வரும். காஸ் போர்ட்டா ப்ரோ 1984-இல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, அதே கோமாளித்தனமான தோற்றம், கேட்டால் அசந்துபோவீர்கள். முப்பது நாற்பது வருடமாக ஒரே மாடலை விற்றால் என்ன நடக்கும் தெரியுமா? வெளியே நூறு பேர் அதற்கு மெத்தை செய்வார்கள், ஒயர் செய்வார்கள். உலகம் அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளும். வருடா வருடம் மாடல் மாற்றினால் அது நடக்காது.

இவற்றுள் எது என்று கேட்டால், ஹெச்.டி.600-ஐத் தினசரிக்கு வாங்காதீர்கள். திறந்த வகை, உங்கள் பாட்டு பக்கத்து சீட்டுக்கும் கேட்கும், தெருவின் ஹாரன் உங்களுக்கும் கேட்கும். 300 ஓம் மின்தடை, போனில் நேரடியாகச் சொருகினால் முனகும். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது. வெளியே போகிறவருக்கு, கையில் காசு குறைவாக உள்ளவருக்கு, நான் சொல்வது வேறு. காதுக்குள் செருகும் இயர்போனில் ஒயர் கழலும் வகை. சீனக் கம்பெனிகள், கே.இஸட், மூன்டிராப் மாதிரியானவை, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கே தருகிறார்கள். காதுப் பக்கம் இரண்டு சின்ன ஊசி, 0.78 மி.மீ. ஒயர் செத்தால் அதை மட்டும் முன்னூறு நானூறுக்கு வாங்கி மாட்டலாம், எந்தக் கம்பெனி ஒயர் என்று பார்க்க வேண்டாம். கழலும் என்று போட்டிருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. ஹெட்போனுக்குள் போகும் முனையில் தனக்கு மட்டுமே பொருந்தும் பூட்டு வைத்துவிட்டு 'கழலும் ஒயர்' என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. அந்த முனை ஊருக்குப் பொதுவானதா என்று பாருங்கள்.

போனில் ஜாக் இல்லையே? யு.எஸ்.பி.-சி வால் ஒன்று வாங்க வேண்டியதுதான். அசிங்கமாகத்தான் இருக்கும், தொலையும், அதுவும் அறும். நம் காதுக்கும் பாட்டுக்கும் நடுவே புதிதாக வைத்த இந்தச் சுங்கச்சாவடிக்கு நான் வருடம் ஒரு தடவை கப்பம் கட்டுகிறேன். ஆனாலும் செத்தால் அது மட்டும்தான் சாகிறது.

*

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓடும்போது, ஜிம்மில், சமையல்கட்டில் ஒயர் தொல்லைதான். நாள் முழுக்க இரண்டு கையும் வண்டியில் இருக்கும் டெலிவரி வேலைக்காரரிடம் போய் ஒயர் தத்துவம் பேசினால் அடிக்க வருவார், வர வேண்டும். இரைச்சல் நீக்கம் பெரிய விஷயம். அது இல்லாமல் 29சி பஸ்ஸில் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் காதுதான் போகும். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்றால் 80 டெசிபலைத் தாண்டாதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதில் சரியாக இறுகி உட்காரும் ரப்பர் முனையும் நிறைய வெளிச் சத்தத்தை அடைக்கும் என்பது என் பதில், ஆனால் பஸ் இன்ஜினின் அடித்தொனிக்கு மின்னணு நீக்கம்தான் ராஜா, ஒத்துக்கொள்கிறேன். செவித்திறன் குறைந்தவர்களுக்கு இன்று சில இயர்பட்ஸ் காது கேட்கும் கருவியாகவே உதவுகின்றன. அவர்களிடம் எனக்கு எந்த வாதமும் இல்லை. சொல்லப்போனால் அவர்களுக்காகத்தான் பேட்டரி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

நான் ஒயர்லெஸ்ஸுக்கு எதிரி இல்லை, பசைக்கு எதிரி. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல் சந்தைக்கு வரும் சிறு சாதனங்களில் பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. சில விலக்குகள் உண்டு, அந்த விலக்குகளுக்குள் புகுந்துகொள்ள எத்தனை வக்கீல்கள் இப்போது வேலை செய்கிறார்களோ. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு ஓர் இணையதளம் திறந்தது. தளம்தான், சட்டம் இல்லை. ஐரோப்பாவுக்காக மூடியைக் கழற்றும்படி செய்த பிறகு நமக்கு மட்டும் தனியாக ஒட்டி அனுப்புவார்களா என்று தெரியும்வரை நான் வாங்குவதாக இல்லை.

இன்னொரு பக்கத்தையும் விட்டுவைக்கக் கூடாது. ஒயர் என்றதும் என் தோளில் கைபோட வரும் ஆடியோஃபைல் அண்ணன்மார்களே, நான் உங்கள் கட்சி இல்லை. இருபதாயிரம் ரூபாய் வெள்ளி ஒயர் போட்டால் வயலினின் 'காற்று' கேட்கிறது என்பவர்களும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹெட்போன் மாற்றுபவர்கள்தான். நல்ல நிலையில் இருப்பதை விற்றுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். கம்பெனி பசை போட்டுச் செய்வதை இவர்கள் ஆசை போட்டுச் செய்கிறார்கள்.

*

அப்பா 1988-இல் மஸ்கட் போனார், நான் கைக்குழந்தை. திரும்பி வந்தது 1996. போன் பேச நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்த காலம், கடிதம் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் இது வழக்கம்தான். முப்பத்து நான்கு கேசட் இருக்கிறது. 1991 விடுமுறையில் வந்தபோது அம்மா தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு ஹெட்போனும் வாங்கி வந்தார். ஜப்பானில் செய்தது, மெல்லிய தகட்டுப் பட்டி, இரண்டு பஞ்சு வட்டம். வீட்டில் பத்துப் பேர் இருக்கையில் அம்மாவுக்கு அப்பாவோடு கிடைத்த தனிமை அந்த இரண்டு பஞ்சுக்கு நடுவில்தான்.

அப்பா போன பிறகு அந்தக் கேசட்களைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. நாடா ஒட்டியிருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும், ஓட்டும் வேகம் தள்ளாடும். ஒவ்வொன்றையும் முழுசாக உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டு முடித்ததும் அடுத்ததைத் தொட மனசு வராது. ஐந்து வருடம் ஆயிற்று. அந்த ஐந்து வருடத்தில்தான் என்னுடைய இரண்டு இயர்பட்ஸும் செத்து டிராயருக்குப் போயின. கேசட் முழுவதையும் கேட்டது அந்த 1991 ஹெட்போனில். பஞ்சு எப்போதோ பொடியாகிவிட்டிருந்தது. ரிச்சி தெருவில் ஜோடி முப்பது ரூபாய். ஜாக்கைப் பாய் இரண்டு தடவை மாற்றினார்.

ஒரே ஹெட்போனில் ஐந்து வருடம் கேட்டால் அதன் குறை உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். இதில் பேஸ் குறைவு, இடது பக்கம் ஒரு மயிரிழை சத்தம் கம்மி. அது தெரிந்த பிறகு காது அதைக் கழித்துவிட்டுக் கேட்கும், பாக்கி இருப்பது கேசட்டில் உள்ளது மட்டும். பதினோராவது கேசட்டில் அப்பா பேசிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்துகிறார். பாஸ் பட்டனின் 'டக்'. மறுபடி 'டக்', பேச்சு தொடர்கிறது. ஆனால் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏசி சத்தம் இப்போது இல்லை, குரல் கொஞ்சம் அடைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் நிறுத்தியிருந்தார், ஒரு நிமிடமா ஓர் இரவா என்று நாடாவில் பதிவாகவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அது உனக்கு இப்பத்தான் கேக்குதா?" என்றார்.

*

போன தீபாவளி சமயத்தில் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் அதே பழைய கேள்வியோடு வந்தாள். நானும் அதே பழைய கேள்வியைக் கேட்டேன். சிரித்தாள், அபசகுனம் என்றெல்லாம் சொல்லவில்லை. ஆயிரத்து எண்ணூறு ரூபாயில் இரண்டு ஊசி வகை ஒன்று, கூடுதலாக ஒரு ஒயர், ஒரு யு.எஸ்.பி. வால். ஏழாவது மாதம், ஒரு நெடிய மீட்டிங்கின் நடுவே "ஒரு நிமிஷம், எனக்கு ஒரு காது கேக்கல, ஒயர் மாத்திக்கறேன்" என்றாள். நாற்பது வினாடியில் "ம், சொல்லுங்க" என்று குரல் வந்தது. கழற்றிய ஒயரைக் குப்பையில் போட்டுவிடாதே, ஜாக் நன்றாகத்தான் இருக்கும், பாயிடம் கொடுத்தால் வேறு யாருக்காவது ஆகும் என்று சாட்டில் அனுப்பினேன்.